கரம்பொன் டயானா

இங்கிலாந்தில் எந்தப் பண்ணையில் விடிய ஆடு கத்தும், எந்தக் கடற்கரையில் சைவச் சாப்பாடு கிடைக்கும், எந்த மரவீட்டின் கட்டில் கிரீச்சிடும் என்பதெல்லாம் பிரியதர்சினிக்குத் தெரியும். அவள் இங்கிலாந்துக்குப் போனதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கும் கரம்பொனை விட்டுப் போன ஆகத் தூரம் கொழும்பு. அதுவும் விசா கேட்டு இரண்டு தரம். இரண்டு தரமும் இல்லையென்று விட்டார்கள்.

வயது நாற்பது. வேலை, புலம்பெயர்ந்த தமிழருக்கு விடுமுறை ஒழுங்கு செய்து கொடுப்பது. கம்பனியின் முகப்பு லண்டனில், அதன் மூளை யாழ்ப்பாணத்தில், அந்த மூளையின் இரண்டு மேசைகள் கரம்பொனில் பிரியதர்சினியின் முன்னறையில். இரண்டாவது மேசை மேரிறோசுடையது. ஊர்காவற்றுறையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளுடைய வீட்டில் இணைய வேகம் காணாது.

கம்பனிக்கு ஒரு விதி உண்டு. போனில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பிரியதர்சினி டயானா. மேரிறோஸ் எமிலி. அதைவிடக் கடுமையான விதி, ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது. தீவாரோ வலிகாமத்தாரோ யாராக இருந்தாலும், எங்கள் ஆட்கள் போனில் ஐந்து நிமிடம் தமிழ் கதைத்தால் ஆறாவது நிமிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீர் எந்த இடம்? ஊரைச் சொன்னால் அடுத்தது தகப்பன் யார் என்பது: ஆற்றை மகள்? அதற்கும் மறுமொழி சொன்னால் சொந்தம் பிடித்து விலை குறைக்கக் கேட்பார்கள், அல்லது பழைய பகையைத் தோண்டி எடுத்துப் போனை வைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து மனேஜர் ஜெனுஷன் இரண்டையும் பார்த்தவன்.

“அக்கா, ஊர் கேட்டா ‘நாங்கள் எல்லா இடத்திலயும் இருக்கிறம்’ எண்டு சொல்லுங்கோ.”

“கடவுளும் அப்பிடித்தானே சொல்லுறார்” என்றாள் மேரிறோஸ்.

அந்த வீட்டிலும் ஒரு விதி இருந்தது. அதைப் போட்டவர் பிரியதர்சினியின் தகப்பன் குலசிங்கம். விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. வருகிறவர் தபால்காரராக இருந்தாலும் சரி, கோயில் நன்கொடைக்கு வருகிறவராக இருந்தாலும் சரி, சோடா உடைப்பார். மேரிறோஸ் வேலைக்கு வரத் தொடங்கி ஒரு வருடமாகிறது. தினமும் ஒரு போத்தல் தண்ணீரைக் கடையில் வாங்கி வந்து அவளுடைய மேசையில் வைப்பார். பின்பக்கம் கிணறு நிற்கிறது. பக்கத்து ஆறு வீட்டுக்காரர் அதில்தான் குடிக்க அள்ளுகிறார்கள்.

இதற்குக் காரணம் ஒரு மனுசி. பெயர் கமலாதேவி. நயினாதீவில் பிறந்தவ, தொண்ணூற்றிரண்டில் லண்டன் போனவ, அரியநாயகம் என்பவருடைய மனைவி.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆவணியில் மகன் துஷ்யந்தனுக்குப் பெண் பார்க்கவென்று அந்தக் குடும்பம் வந்தது. பிரியதர்சினிக்கு அப்போது இருபத்தாறு. மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் ‘அதாவது வந்து’ என்று தொடங்கினான். “அதாவது வந்து, நீர் கொம்பியூட்டர் படிச்சனீரோ?” அவள் ஓம் என்றாள். பலகாரம் சாப்பிட்டார்கள். பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்கள் எழுந்து, “பின்னுக்கும் ஒருக்காப் பாப்பம்” என்றார்கள். குசினி, கிணறு, கழிவறை. ஒரு வீட்டின் நிலவரம் அங்கேதான் தெரியும் என்பது அவர்களுடைய கணக்கு.

குலசிங்கம் தானே வாளியை விட்டு அள்ளினார். அவருக்கு அந்தக் கிணற்றில் பெருமை. இடம்பெயர்ந்திருந்து தொண்ணூற்றேழில் ஊர் திரும்பியபோது அது கல்லும் ஓடும் நிரம்பிக் கிடந்தது. பதினொரு நாள் தனியே இறங்கி வாரினார். தீவுப்பகுதியில் உப்புக் கரிக்காத கிணறு என்றால் அது ஒரு சொத்து. செம்பில் வார்த்துக் கமலாதேவியிடம் நீட்டினார்.

அவ ஒரு வாய் குடித்தா. முகத்தைச் சுளித்தா. செவ்வரத்தை மரத்தடியில் துப்பினா.

“ஐயோ உவர். என்ரை பிள்ளை லீவுக்கு வந்தா இதிலயோ முகம் கழுவுறது?” என்றவ, அப்படியே பின்வளவைப் பார்த்து, “கக்கூசும் அங்காலையோ? நல்ல தூரம் நடக்கலாம் போல” என்று சிரித்தா. கூட வந்த பெண்களும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை தரகர் வந்து சொன்னது நான்கே சொல். தண்ணி சரிவராதாம், குறை நினைக்காதேங்கோ.

ஒழுங்கையில் அந்தக் கிணற்றுக்குப் புதுப்பெயர் வந்தது: லண்டன்காரி துப்பின கிணறு. வேலிக்கு மேலால் அதைக் கேட்ட நாளில் குலசிங்கம் முதல் சோடாப் பெட்டியை வாங்கினார். பிரியதர்சினி பிறகு வந்த இரண்டு மாப்பிள்ளைமாரை வேண்டாம் என்றாள். மூன்றாவது மாப்பிள்ளை அவளை வேண்டாம் என்றான். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. கலியாணம் நடக்காதது அவளுக்குப் பெரிய குறையில்லை. ஆனால் பின்வாசலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி என்று அவள் எண்ணி வைத்திருந்தாள். நாற்பத்திரண்டு. தினமும் போய்வரும்போது எண்ணுவாள். பதினாலு வருடம்.

இந்த வருடம் சித்திரை கழிந்து ஒரு மத்தியானம் போன் அடித்தது.

“வணக்கம், டயானா கதைக்கிறன்.”

“அதாவது வந்து, அம்மாவின்ரை எழுபதாவது பிறந்தநாள் வருது…”

அவளுடைய கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. பெயரைக் கேட்டாள். துஷ்யந்தன் அரியநாயகம். கேக்கில் எழுதவேண்டிய பெயர்? கமலாதேவி.

பிறகு அவனுடைய மனைவி கஜாலினி போனை வாங்கினாள். “எங்கடை ஒஃபீஸில எல்லாரும் கிளாம்பிங் போகினம். கூடாரம்தான், ஆனா உள்ளுக்குக் கட்டில், மெத்தை, கம்பளம், சுத்திவரச் சின்ன லைற். படம் எடுத்தா அவ்வளவு வடிவு. மாமிக்கும் பிடிக்கும். எந்த நேரமும் நயினாதீவைப் பற்றித்தான் கதை. மண்ணில கால் வைச்சு நடந்த காலம் வருமோ எண்டு.”

“வரும்” என்றாள் பிரியதர்சினி. “நான் ஒழுங்கு செய்யிறன்.”

போனை வைத்துவிட்டு எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மேரிறோசுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப நல்ல மோசமான இடமாப் பாத்துப் போடுங்கோ அக்கா.”

“மோசமான இடமெண்டா முறைப்பாடு வரும். நல்ல இடமா இருக்க வேணும். எல்லாம் உண்மையா இருக்க வேணும். ஆனா மனுசி நடக்க வேணும். தண்ணி தூக்க வேணும்.”

“நடந்து?”

“நடந்து களைச்சு எனக்குப் போன் எடுக்கும். எடுத்தா ‘நீர் எந்த இடம்’ எண்டு கேக்கும். கேக்காமல் இருக்க அந்த மனுசிக்கு ஏலாது. அப்ப சொல்லுவன்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். செய்தது ஆரெண்டு தெரியாமல் செய்து என்ன பிரயோசனம்?”

அவள் இப்படி ஒரு வேலையை முன்னர் செய்ததில்லை. டெவன் பக்கம் பன்னிரண்டு பண்ணைகளைப் பார்த்தாள். கூடாரத்துக்குள்ளேயே குளியலறை உள்ளவற்றைக் கழித்தாள். காரில் வாசல்வரை போகக்கூடியவற்றைக் கழித்தாள். மிஞ்சியது ஒரு ஆட்டுப் பண்ணை. சரிவான புல்வெளியில் ஒரேயொரு பெரிய வெள்ளைக் கூடாரம், உள்ளே விறகு அடுப்பு, வெளியே சுற்றிவர விளக்கு மாலை. கழிவறை தனியே மேட்டில். தண்ணீர்க் குழாய் கீழே பள்ளத்தில். பண்ணைக்காரி ஹெலனுக்கு மின்னஞ்சல் எழுதினாள். கூடாரத்திலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி? ஏற்றமா? பிடித்துப் போகக் கயிறு உண்டா? எழுபது வயதானவர் வழுக்கி விழ வாய்ப்பு உண்டா? கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதா, வேறெதுவுமா?

ஹெலன் உற்சாகமாக நடந்து எண்ணி எழுதினாள். அறுபத்தொன்று. ஏற்றம்தான், ஆனால் கைப்பிடிக் கயிறும் படிகளும் உண்டு, எண்பது வயதான தன் மாமியாரே போய்வருகிறா. தண்ணீர் கிடையாது, மரத்தூள். போன் சிக்னலும் அந்த மேட்டில் மட்டும்தான். இவ்வளவு அக்கறையான ஒரு முகவரைத் தான் கண்டதேயில்லை என்றும் எழுதியிருந்தாள்.

அறுபத்தொன்று என்ற எண்ணைப் பிரியதர்சினி இரண்டு தரம் வாசித்தாள்.

வாடிக்கையாளருக்கு எப்போதும் மூன்று இடம் காட்டுவது தொழில் முறை. முதலாவது வாங்க ஏலாத விலையில் இருக்கும். இரண்டாவது படத்தில் அழுது வடியும். விற்க வேண்டியது மூன்றாவது. கஜாலினி மூன்றாவது படத்தைப் பார்த்ததுமே, “ஐயோ இந்த லைற்!” என்றாள். நிபந்தனைகள் நான்கு பக்கம். மரத்தூள், குழாய், மேடு எல்லாம் அதில் இருந்தன. துஷ்யந்தன் ‘வாசித்தேன்’ என்ற பெட்டியில் சரி போட்டு அனுப்பினான். அனுப்ப எடுத்த நேரம் நாற்பது செக்கன்.

கம்பனியின் இன்னொரு முறையையும் அவள் விடவில்லை. வயதானவர் போகும் இடத்துக்குக் கிட்ட ஒரு ஹொட்டேலில் அறைகளைப் பிடித்து வைக்க வேண்டும். தேவையில்லையென்றால் ரத்துச் செய்யலாம். பத்து மைல் தள்ளி இரண்டு அறைகளைப் பிடித்தாள். உள்ளேயே குளியலறை, சுடுதண்ணீர், யன்னலால் கடல்.

“அப்ப பழி?” என்றாள் மேரிறோஸ்.

“கையில ஒண்டு இருந்தாத்தானே குடுக்காமல் விடலாம்.”

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அவர்கள் போய் இறங்கினார்கள். திங்கள்வரை மூன்று இரவு. டெவனில் மழை என்று வானிலை சொன்னது. சனி காலை அவசர அழைப்புப் பொறுப்பு பிரியதர்சினிக்கு. குளித்து, திருநீறு பூசி, ஒன்பது மணிக்கே போனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள். “பரீட்சை மறுமொழி பாக்கிற மாதிரி இருக்கிறியள்” என்றாள் மேரிறோஸ்.

பத்து நாற்பதுக்கு அடித்தது. அங்கே விடியப்புறம் ஆறு பத்து.

“ஹலோ, டயானாவோ? நான் கமலாதேவி. துஷ்யந்தன்ரை அம்மா.”

அதே குரல். “சொல்லுங்கோ அம்மா.”

“பிள்ளை, என்ன இடம் இது? ராத்திரி முழுக்க மழை. நாலுதரம் இந்த மேட்டில ஏறி இறங்கீட்டன். முழங்கால் விட்டிட்டுது. ஏறி வந்தா உள்ளுக்கு ஒரு வாளி மரத்தூள். இருந்திட்டு அள்ளி மூடட்டாம். நானென்ன பூனையோ?”

மேரிறோஸ் மேசைக்குக் கீழே குனிந்து வாயைப் பொத்தினாள்.

“தண்ணி வசதி எப்பிடி அம்மா?”

“பள்ளத்தில ஒரு பைப். மகன் தண்ணிக் கான் கொண்டு போய்ச் சேத்தில விழுந்தெழும்பினவன். நான் முப்பத்திமூண்டு வருசமாத் தண்ணி தூக்கேல்லைப் பிள்ளை. வேற ஒரு ஹொட்டேல் பாத்துத் தாரும். நீர் நல்ல பிள்ளை மாதிரிக் கதைக்கிறீர். நீர் எந்த இடம்?”

மேரிறோஸ் நிமிர்ந்து இரண்டு கையாலும் வேண்டாம் என்று காட்டினாள்.

“கரம்பொன்” என்றாள் பிரியதர்சினி.

“கரம்பொனோ! எங்கடை பக்கம்தானே! கரம்பொனில எவடம்? ஆற்றை மகள்?”

“குலசிங்கத்தின்ரை மகள். பிரியதர்சினி. ரெண்டாயிரத்துப் பதினொண்டு ஆவணியில என்னைப் பொம்பிளை பாக்க வந்தனீங்கள்.”

போனில் ஆடு கத்தியது. மழை பலகையில் விழுகிற சத்தம். பிறகு கமலாதேவி யோசித்து யோசித்துச் சொன்னா: “கரம்பொனில ரெண்டு வீடு பாத்தனாங்கள். வேலணையில மூண்டு. புங்குடுதீவில… நீர் எந்தப் பிள்ளை? கண்ணாடி போட்டதோ?”

“இல்லை.”

“அப்ப கொஞ்சம் கட்டையா, பல்லு…”

“இல்லை.” பிரியதர்சினியின் முகம் கறுத்தது. பதினாலு வருடமாக அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த மனுசிக்கு அவளை ஞாபகமே இல்லை. “கிணத்தடியில செவ்வரத்தை மரம் நிண்ட வீடு. அப்பா அள்ளித் தந்த தண்ணியை அந்த மரத்தடியில துப்பினனீங்கள். கக்கூசுக்கு நல்ல தூரம் நடக்கலாம் எண்டு சிரிச்சனீங்கள்.”

இந்தமுறை ஆடுகூடக் கத்தவில்லை.

“நீர்… வேணுமெண்டே இந்த இடத்தைப் பாத்துத் தந்தனீரோ?”

“ஓம்.”

“எட, கடவுளே.” மூச்சு வாங்கியது. கோபித்துக் கத்துவா என்று பிரியதர்சினி காத்திருந்தாள். ஆனால் குரல் இறங்கித்தான் வந்தது. “பிள்ளை, அந்தத் தண்ணியில ஒண்டுமில்லை. கஜாலினியை லண்டனிலயே முடிவாக்கிப் போட்டுத்தான் ஊருக்கு வந்தனாங்கள். கேட்ட இடத்துக்குப் போய்ப் பாக்காட்டி மரியாதை இல்லையெண்டு இவர் நிண்டார். போனா ஏதாவது ஒரு குறை சொல்லத்தானே வேணும். ஒரு வீட்டில பலகாரம் எண்ணெய் மணக்குது எண்டனான். ஒரு வீட்டில பொம்பிளை இருமுது எண்டனான். உங்கடை வீட்டில சொல்ல ஒண்டும் கிடைக்கேல்லை. தண்ணி ஒண்டுதான் கையில இருந்தது.”

பிரியதர்சினிக்கு இப்போது விளங்கியது. குறையில்லாததற்காகத் துப்பியிருக்கிறா.

“இதை எனக்குச் சொல்லாதேங்கோ” என்றாள். “அப்பாட்டைச் சொல்லுங்கோ. உங்களுக்கு ரெண்டு ஹொட்டேல் அறை பிடிச்சு வைச்சிருக்கிறன். சுடுதண்ணி, உள்ளுக்கே பாத்றூம். அப்பாட்டைச் சொன்னா அறை உங்கடை.”

“இப்பவோ? நான் கக்கூசடியில நிக்கிறன் பிள்ளை.”

“அங்கை மட்டும்தானே சிக்னல் இருக்கு.”

போனை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். மேரிறோசும் பின்னால் ஓடி வந்தாள். குலசிங்கம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது, வெறும் மேல், ஈரக் கை. மகள் போனைச் சத்தமாக வைத்து அவர் முன்னால் பிடித்து, “லண்டன்காரி” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“அண்ணை” என்றது போன். “நான் கமலாதேவி. அண்ணை, உங்கடை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. அண்டைக்குச் சும்மா ஒரு சாட்டுக்குத் துப்பினனான். மனசில வைச்சிருக்காதேங்கோ.”

குலசிங்கம் குழையைக் கீழே வைத்தார். கிணற்றைப் பார்த்தார்.

“அண்ணை? கேக்குதோ?”

“கேக்குது. இப்ப எங்கை நிக்கிறியள்?”

“ஒரு மேட்டில அண்ணை. மழை. ரெண்டு நாள் இன்னும் கிடக்கு.”

“அங்கை தண்ணி எப்பிடி?”

“தண்ணியோ? தண்ணி நல்லம் அண்ணை. தூக்கிறதுதான் கரைச்சல்.”

“தண்ணி நல்லமெண்டா வேறென்ன குறை? இருங்கோ. ரெண்டு நாளும் இருந்திட்டுப் போங்கோ.”

சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஈரவிரலுக்குப் போன் மசியவில்லை. “அண்ணை, அண்ணை, அந்த அறை…” என்று அது கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. விரலைச் சாரத்தில் துடைத்து மூன்றாம் தரம் அழுத்தினார். நின்றது.

“அப்பா, நான் அறை தாறன் எண்டு சொல்லிப் போட்டன்.”

“நான் சொல்லேல்லையே” என்றார்.

பிறகு வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டார். துலாவும் கப்பியும் போய்க் குழாய் மோட்டர் வந்து எவ்வளவோ காலம், ஆனால் அந்த வாளியும் கயிறும் கிணற்றுக்கட்டில்தான் கிடந்தன. அள்ளி, செம்பில் வார்த்து, மேரிறோசிடம் நீட்டினார். ஒரு வருடமாகக் கடைப் போத்தல் குடித்தவள், இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பிரியதர்சினி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்பிடி?” என்றார் குலசிங்கம்.

“உண்மையைச் சொல்லட்டோ ஐயா? கொஞ்சம் உவர்தான்.”

“ஓம்” என்றார் அவர். “இந்தக் கோடைக்கு அப்பிடித்தான் இருக்கும். மிச்சத்தையும் குடி.”

மேரிறோஸ் குடித்து முடித்தாள்.

முன்னறைக்கு வந்தபோது பதினொன்று பத்து. திரையில் அந்த இரண்டு அறைகளும் பச்சைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. பிரியதர்சினி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை தருகிறேன் என்று சொன்னது அவளுடைய வாய்தான். அந்த மனுசி தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியும் விட்டது. அது நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கண்ணாடி போட்டதோ, பல்லு எப்படியோ என்று கேட்டது அதைவிடக் கூடுதலாக உறுத்தியது.

ரத்துச் செய்யும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினாள்.

“அக்கா!” என்றாள் மேரிறோஸ். “வாக்குக் குடுத்தனீங்கள்.”

“வாக்குக் குடுத்தது பிரியதர்சினி.”

போன் அடித்தது. துஷ்யந்தனுடைய இலக்கம். மேட்டில் ஏறியிருக்கிறான். அவள் மூன்று தரம் அடிக்க விட்டாள், தொண்டையைச் செருமினாள், எடுத்தாள்.

“அதாவது வந்து, அம்மா ஆரோடயோ கதைச்சவ, இப்ப ஒண்டும் சொல்லுறா இல்லை, கட்டிலில ஏறிப் படுத்திட்டா. ஏதோ ஹொட்டேல் அறை எண்டு மட்டும்…”

“வணக்கம்” என்றாள் அவள். “டயானா கதைக்கிறன். இது விடுமுறைக் காலம் பாருங்கோ, அந்தப் பக்கத்தில ஒரு அறையும் இல்லை. வேற ஏதாவது உதவி வேணுமோ?”